பத்து மணிக்குப் போற நெட்டு

தம்பி, உங்க வீட்டுல எந்த நெட்டு?

இல்ல, மடியில லேப்டாப்பை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களேன்னு கேட்டேன். திண்டுக்கல்ல நான் ஏறுனதுலேர்ந்து பாக்குறேன், அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கு. ஓடுற ரயில்ல டவர் நிக்காது தம்பி. மூடி வெச்சிருங்க, பேட்டரியாவது மிஞ்சும். நான் தொந்தரவு பண்ற ஆளு இல்ல. பேசாமத்தான் வருவேன்.

எம் பேரு குருநாதன். மின்வாரியத்துல ஃபோர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன். எங்க வேலை என்னன்னா ஃபால்ட்டு கண்டுபிடிக்கிறது. ஒரு தெருவுல கரெண்டு இல்லைன்னு போன் வந்தா, எந்தக் கம்பத்துல வயர் விட்டுருக்கு, எந்த வீட்டுக்காரன் திருட்டுத்தனமா மோட்டாரைப் போட்டு பீஸைப் புடுங்கிட்டான்னு, கீழ நின்னு அண்ணாந்து பாத்தே சொல்லிருவேன். குருநாதன் கண்ணுக்குத் தப்பி ஒரு ஃபால்ட்டு கிடையாதுன்னு எங்க ஏ.இ., அதான் அசிஸ்டென்ட் இன்ஜினியரு, சொன்னாரு. நானாச் சொல்லல. ரிட்டையர்மென்ட் அன்னைக்கு மைக்குல சொன்னாரு, எம் பொண்டாட்டியும் கேட்டா. அப்பேர்ப்பட்டவனை இந்த நெட்டுக்காரப் பயலுக ஒரு வருஷம் பூரா ஆட்டு ஆட்டுன்னு ஆட்டிப்புட்டாய்ங்க. அந்த வயித்தெரிச்சலை யாருகிட்டயாவது சொன்னாத்தான் ஆறும்.

எனக்கு ஒரே பொண்ணு தம்பி. அபிநயா. சென்னையில ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. கொரோனா காலத்துல சேந்ததால வீட்டுலேர்ந்தே பாரும்மான்னு விட்டுட்டாய்ங்க. நானும் அந்தச் சமயம்தான் ரிட்டையர் ஆனேன். ரெண்டு பேரும் நாள் பூரா வீட்டுல. எனக்கு அது எப்பேர்ப்பட்ட காலம் தெரியுமா. வேலையில இருந்தப்ப மழை காத்துன்னா முதல்ல கிளம்பி ஓடுறவன் நான். அவ எப்ப நடக்க ஆரம்பிச்சா, எப்ப சைக்கிள் பழகுனான்னு எம் பொண்டாட்டி பொற்கொடி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுக்கெல்லாம் சேத்து வெச்சு இப்ப பக்கத்துலயே இருக்கேன்னு வெச்சுக்கங்க.

அவ மீட்டிங்ல இருக்கறப்ப பதினோரு மணிக்கு டீ கொண்டு போய்க் குடுப்பேன். ஆறிப் போயிரும்னு பக்கத்துலயே நிப்பேன். அப்பிடியே கேமராவுல எல்லாருக்கும் ஒரு வணக்கம் வெப்பேன். அவங்களும் வெப்பாங்க. ஒரு தடவை ஒரு பையன் ஏதோ தப்பா சொன்னான் போலருக்கு, எல்லாரும் அவனைப் போட்டு வாங்குறாங்க. நான் பின்னாடி நின்னுக்கிட்டு, விடுங்கப்பா சின்னப் பையன், அடுத்த தடவை ஒழுங்காப் பண்ணுவான்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பையன்தான் அங்க பெரிய ஆபீசராம், அது பின்னாடிதான் தெரிஞ்சது. அபிக்கு மூஞ்சி செவந்து போச்சு. நல்ல மனசுள்ள பொண்ணு, அப்பாவை நெனச்சுப் பெருமை தாங்கல.

அப்புறம்தான் கம்பெனியில எல்லாரையும் ஆபீசுக்குத் திரும்ப வரச் சொல்லிட்டாய்ங்க. நான்தான் அபிகிட்ட, மேனேஜரம்மாவுக்கு எழுதிக் கேளுன்னேன். என்னத்தப்பா எழுதன்னு கேட்டா. அதையும் நானே பக்கத்துல உக்காந்து சொன்னேன். வீட்டுலேர்ந்தே வேலை பாக்க அனுமதிக்கணும், அப்பா அம்மாவுக்கு வயசாயிருச்சு, இப்பிடி. அந்தம்மா தங்கமான அம்மா. சரி, உன் வீட்டு நெட்டு நல்லா இருக்கிற வரைக்கும் அங்கேயே இரு, மீட்டிங்ல அடிக்கடி கட்டாச்சுன்னா கிளம்பி வந்துரணும்னு பதில் போட்டுருச்சு.

இப்ப புரியுதா தம்பி? எம் பொண்ணு எங்கூட இருக்குறதும் இல்லாததும் இந்த நெட்டு கையில போயிருச்சு.

அவளுக்கும் வீட்டுல இருக்கத்தான் புடிக்கும். கேட்டுப் பாத்தீங்களான்னு பொற்கொடி ஒரு நாள் கேட்டா. இதைப் போய்க் கேப்பாங்களா? பெத்தவனுக்குத் தெரியாதா? ஒரே ஒரு தடவை அவளே வந்து, அப்பா, என் செட்டு பூரா சென்னைக்குப் போயிருச்சு, நானும் போகட்டுமான்னு கேட்டா. பாக்கலாம்மான்னு சொல்லிட்டேன். முடிஞ்சுது. அதுக்கு மேல அவ கேக்கல.

பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு நம்ம ஊருப் புள்ளைக எல்லாத்துக்கும் தெரியும்ல? மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொன்னா ஒரு மாதிரியா இருக்கும். அதுக்குத்தான் அந்த வார்த்தை இருக்கு. மச்சினன் ஜாமீன் கையெழுத்துக் கேட்டான், பாக்கலாம் மாப்ளேன்னேன், புரிஞ்சுக்கிட்டு டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டான். எங்க வீட்டுல நாய் கூட அந்த வார்த்தையைக் கேட்டா வாலை மடக்கிக்கிட்டுப் போயிரும். இந்த நெட்டுக்காரனுகளுக்கு மட்டும் அது தெரியல தம்பி. அது பெரிய கூத்து, வரேன் அதுக்கு.

முதல்ல நல்ல நெட்டாத் தேடணும்னு இறங்குனேன். நான் ஒரு பொருளை எடுத்தேன்னா அலசி ஆராயாம எடுக்க மாட்டேன். தெருமுனையில குடையை விரிச்சு மஞ்சச் சட்டைக்காரன் ஒருத்தன் நோட்டீஸ் குடுத்தான். பஸ் ஸ்டாண்டுகிட்ட பச்சைச் சட்டைக்காரன். நூறு எம்பி, இருநூறு எம்பின்னு ரெண்டு பேரும் ஏலம் போடுறாய்ங்க. பச்சைச் சட்டை அன்லிமிடெட்டுங்கிறான், கீழ எறும்பு மாதிரி எழுத்துல, குறிப்பிட்ட அளவு தாண்டுனா ஸ்பீடு குறையும்னு போட்டிருக்கு. ஏம்ப்பா, ஃபுல் மீல்ஸுன்னு உக்கார வெச்சுட்டு, மறுசோறு கேக்கறப்ப கரண்டியைச் சின்னதாக்குனா அது என்ன ஃபுல் மீல்ஸுன்னு கேட்டேன். அதுக்கு அவன், சார், இத்தனை சினிமா ஆப்பு ஃப்ரீ சாருங்கிறான். நான் என்ன கேக்குறேன், நீ என்ன சொல்றே.

நான் எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்டேன். தம்பி, ஃபால்ட்டுன்னு போன் பண்ணுனா யாரு வருவா, ஏணி சொந்த ஏணியா, வாடகை ஏணியா? மஞ்சச் சட்டை முழிச்சான். பச்சைச் சட்டை, எங்களுக்கு ஆப்பு இருக்கு சார், அதுல கம்ப்ளெய்ன்ட் போட்டா போதும்னான். ஆப்பு கம்பத்துல ஏறுமா? எங்க தெரு கேபிள் டிவி முத்துராசுதான் தம்பி சரியான பதில் சொன்னான். அண்ணே, ரெண்டு ஏணி இருக்கு, சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணுன்னான். அவன்கிட்டயே நெட்டும் இருந்துச்சு. ஏணி வெச்சிருக்கவன்தான் வேலைக்காரன். அவனையே போட்டுட்டேன்.

மத்த ரெண்டு பேருகிட்டயும் மரியாதையா, பாக்கலாம் தம்பின்னு சொல்லி அனுப்பிட்டேன்.

மறுநாள் காலையில பாத்தா மஞ்சச் சட்டைக்காரன் வாசல்ல நிக்கிறான். தோள்ல வயர்ச் சுருள், கையில டிரில்லிங் மெஷின். என்னப்பான்னு கேட்டா, நீங்கதானே சார் பாக்கலாம்னு சொன்னீங்க, அதான் பாக்க வந்தேன்னு சொல்லிக்கிட்டே சுவத்துல ஓட்டையைப் போட்டுட்டான். ஓட்டை போட்ட பெறகு ஒருத்தனை எப்படி தம்பி போன்னு சொல்றது? வெயில்ல வேற வந்திருக்கான். பொற்கொடி மோரு குடுத்துட்டா. மோரு குடிச்சவனை அப்புறம் ஒண்ணும் சொல்ல முடியாது. அந்த லைனும் வந்துருச்சு.

இருக்கட்டும், ரெண்டு லைன் இருந்தா நல்லதுதானேன்னு விட்டுட்டேன். கொஞ்ச நாள் எல்லாம் கும்முன்னு ஓடுச்சு. நெட்டுப் பொட்டி ரெண்டும் ஹால்ல, டிவி பக்கத்துல இருந்துச்சு. அபி ரூம்புக் கதவை எப்பவும் தொறந்தே வெக்கணும், இல்லைன்னா சிக்னல் உள்ள போகாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன். எனக்கும் ஹால்ல உக்காந்தபடியே அவ வேலை பாக்குறதைப் பாக்கலாம். ஒரு நாள் அபி வந்து, அப்பா, பொட்டியை என் ரூம்புக்குள்ளயே வெச்சுக்கிட்டா சிக்னல் இன்னும் நல்லா இருக்கும்னா. அதுவும் நியாயம்தானே. தூக்கி உள்ள வெச்சுக் குடுத்தேன்.

அன்னையிலேர்ந்து புடிச்சது தம்பி சனி.

காலையில பத்து மணிக்குத்தான் மேனேஜரம்மா மீட்டிங். டான்னு பத்து மணிக்கு ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரெண்டு லைனும் போயிரும். மத்த நேரம் ஒண்ணும் ஆகாது. சாயங்காலம் சென்னையில இருக்கிற செட்டுப் புள்ளைகளோட வீடியோவுல பேசுவா, சிரிப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும், நெட்டு கல்லுப் புள்ளையாராட்டம் அசையாம நிக்கும். சினிமாப் பாப்பா, நிக்கும். அந்தம்மா மூஞ்சி தெரிஞ்சாப் போதும், போயிரும்.

எங்க இலாகாவுல இதுக்குப் பேரு பீக் லோடு. காலையில பத்து மணிக்கு எல்லா ஆபீசும் தொறந்திருவாய்ங்க, லோடு ஏறும், லைன் தாங்காது. அபிகிட்ட வெவரமா வெளக்கிச் சொன்னேன். ஆமாப்பா, நீங்க சொல்றதுதாம்ப்பா சரின்னு சொன்னா. பொற்கொடி அடுப்படியிலேர்ந்து எட்டிப் பாத்துட்டு, நீங்க எல்லாத்தையும் வெளியிலயே தேடுறீங்கன்னு சொன்னா. அவளுக்கு என்ன தெரியும் லோடைப் பத்தி. வெளியிலதானே தேடணும். உள்ள எப்படி ஃபால்ட்டு இருக்கும்? உள்ள எம் பொண்ணுல்ல இருக்கா.

அதுக்கப்புறம் தெனமும் பத்து மணி ஆனா நான் கம்பத்தடியில நிப்பேன். முத்துராசு ஏணியை எங்க வீட்டுச் சுவத்துலயே சாத்தி வெச்சுட்டான். எதுத்த வீட்டு முருங்கை மரம் வயர் மேல சாஞ்சுருந்துச்சு, கிளையை வெட்டுனேன். அந்த வீட்டம்மாவுக்கும் எனக்கும் பேச்சு நின்னு போச்சு. அணில் கடிக்குதோன்னு வயருக்குப் பிளாஸ்டிக் குழாய் மாட்டுனேன். கண்ணு பட்டுருச்சோன்னு பொட்டி மேல எலுமிச்சம்பழம் வெச்சேன். எல்லாம் பண்ணியாச்சு. கம்பத்தடியில நின்னு, வந்துருச்சாம்மான்னு கத்துவேன். வரலப்பான்னு சன்னல் வழியாக் குரல் குடுப்பா. பெறகு நான் வீட்டுக்குத் திரும்பி ரூம்புப் பக்கம் போவேன் பாருங்க. வாசப்படியில என் செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், பொட்டியில லைட்டு ஒண்ணொண்ணா எரிய ஆரம்பிச்சிரும். இது பொய் இல்ல தம்பி, நானே கண்ணால பாத்திருக்கேன். என் ராசி அப்படி. நான் கிட்டப் போனா எதுவும் ஓடும்.

மஞ்சக் கம்பெனிக்குப் போன் மேல போன் போட்டேன். ஒரு பையன் வந்தான். படிச்ச பையன் மாதிரிதான் தெரிஞ்சது. பொட்டியைப் பாத்தான், போனைப் பாத்தான், என்னைப் பாத்தான். சார், கம்பெனியில பாத்துட்டுத்தான் வரேன், லைன் போகவே இல்ல, பத்து மணிக்கெல்லாம் உங்க பொட்டிக்குத்தான் பவர் கட் ஆகுதுன்னான்.

எங்கிட்டயே தம்பி. யாருகிட்ட எதைச் சொல்றான் பாருங்க. ஏண்டா, உன் கம்பெனிக் கோளாறுக்கு எங்க இலாகாவைக் குத்தம் சொல்றியா, இந்த ஏரியாவுல கரெண்டு போனா எனக்குத் தெரியாமப் போயிருமா, ஃபேன் ஓடுச்சு, மிக்சி ஓடுச்சு, உன் பொட்டிக்கு மட்டும் கரெண்டு போச்சான்னு புடிபுடின்னு புடிச்சுட்டேன். பையன் வாயைத் தொறந்து என்னமோ சொல்ல வந்தான். அதுக்குள்ள அபி தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடுத்துட்டு அவனைப் பாத்தா. அவன் தண்ணியைக் குடிச்சுட்டு, சாரி சார், லைன்லதான் ஃபால்ட்டு, நான் சரி பண்ண ஏற்பாடு பண்றேன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அதட்டுனாத்தான் தம்பி உண்மை வரும்.

இருந்தாலும் மனசு கேக்கல. எங்க இலாகா மேல ஒரு சொல்லு வரக்கூடாதுன்னு பொட்டிக்குன்னு தனியா ஒரு யு.பி.எஸ். வாங்கி மாட்டுனேன். அப்பவும் பத்து மணிக்குப் போச்சு. பாத்தீங்களா, கோளாறு கரெண்டுல இல்லைன்னு நிரூபணம் ஆயிருச்சா.

அந்தச் சமயம் பாத்து பஸ் ஸ்டாண்டுப் பச்சைச் சட்டைக்காரன் வழியில மறிச்சு, சார், இன்னும் முடிவு பண்ணலையான்னான். ஏற்கெனவே ரெண்டு லைன் இருக்குப்பா, பாக்கலாம்ப்பான்னேன். அன்னைக்குச் சாயந்தரமே வயரோட வந்துட்டான். பொற்கொடி சிரிச்ச சிரிப்புல புரையேறிருச்சு. இதுக்குத்தான் வேணாம்னா வேணாம்னு சொல்லிப் பழகணும், வேணும்னா வேணும்னும் சொல்லிப் பழகணும்னு சொன்னா. அதைச் சொல்லும்போது என்னையும் பாக்கல, அபி ரூம்பைப் பாத்துக்கிட்டுச் சொன்னா. அபி என்னத்துக்குப் பழகணும்.

சரி, இதுவும் ஒரு வகைக்கு நல்லதுன்னு நெனச்சேன். எங்க இலாகாவுல ஒரு லைன் போச்சுன்னா, அடுத்த லைன்லேர்ந்து எடுத்துச் சப்ளை குடுப்போம். மூணு கம்பெனி, மூணு லைன். ஒண்ணு போனா ஒண்ணு. மூணும் ஒரே நேரத்துல போக முடியாதுல்ல? ஒரு ஞாயித்துக்கெழமை பூரா உக்காந்து வேலை பாத்தேன். மூணு பொட்டியையும் வரிசையா சுவத்துல அடிச்சு, வயரெல்லாம் கட்டி, மூணையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுல சொருகி, அந்த பாக்ஸை யு.பி.எஸ்.ல குடுத்து, அபி கைக்கு எட்டுற மாதிரி மேசைக்கு அடியில ஒரே ஸ்விட்ச்சா வெச்சுக் குடுத்தேன். நெட்டு நின்னா பொட்டியை அமத்திப் போடணும்ல, எந்திரிச்சுப் போய் ஒண்ணொண்ணா அமத்த வேணாம் பாருங்க. உக்காந்த இடத்துலயே ஒரு தட்டு. என் சர்வீஸ்ல அவ்வளவு சுத்தமா ஒரு வேலை பாத்ததில்ல.

அபி குனிஞ்சு அந்த ஸ்விட்சைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்பா, ரொம்ப தேங்க்ஸ்ப்பான்னு சொன்னா. கண்ணு கலங்கிருச்சு அவளுக்கு. எனக்கும்தான்.

திங்கக்கெழமை பத்து மணி. மூணும் ஒரே நிமிஷத்துல போச்சு.

என்ன தம்பி, இருமுறீங்க? தண்ணி குடிங்க. இந்தாங்க.

நானும் அப்படித்தான் ஆடிப் போயிட்டேன். வெவ்வேற கம்பெனி, வெவ்வேற கம்பம், வெவ்வேற வயரு. எப்படி மூணும் ஒண்ணாப் போகும்? உக்காந்து யோசிச்சேன். ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். மூணு பேரும் கூட்டு சேந்துட்டாய்ங்க. பெட்ரோல் பங்குக்காரனுக பேசி வெச்சுக்கிட்டு ஒரே வெலைக்கு விக்கலையா, அந்த மாதிரி. பத்து மணிக்கு அமத்திருவோம், வெறுத்துப் போய்ப் பெரிய பிளானுக்கு மாறுவான்னு திட்டம் போட்டிருக்காய்ங்க. முத்துராசுகிட்டயே நேராப் போய்க் கேட்டேன். நீயுமாடான்னு. அண்ணே, எனக்கு அவங்க ஃபோன் நம்பர் கூடத் தெரியாதுண்ணேன்னு அழுதுட்டான். ஏணியை எடுத்துட்டுப் போயிட்டான்.

சரி, மேனேஜரம்மாகிட்ட நானே பேசிப் புரிய வெச்சிருவோம்னு, மறுநாள் மீட்டிங்ல அபி பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்தேன். அன்னைக்கு நெட்டு நல்லா இருந்துச்சு, என் ராசி. அந்தம்மா வந்துச்சு. மேடம், வணக்கம், நான் ரிட்டையர்டு ஃபோர்மேன் குருநாதன், இந்த மூணு கம்பெனியும் என்ன பண்றாய்ங்கன்னான்னு ஆரம்பிக்கிறேன், பொட்டுன்னு போயிருச்சு. அபி மேசையில நெத்தியை வெச்சுக் கவுந்துட்டா. தோளு குலுங்குது. பாவம், என்னமா வேதனைப்படுது புள்ளைன்னு முதுகைத் தடவிக் குடுத்தேன். அழுதாளா என்னன்னு தெரியல, முகத்தைக் காமிக்கல.

அவ்வளவுதான். கடுதாசி வந்துருச்சு. வீட்டு நெட்டு சரியில்லாத காரணத்தால உடனே ஆபீஸுக்கு வரணும்.

நான் சோறு திங்கல தம்பி. வேலையை விட்டுரும்மா, நம்ம ஊர்லயே பாத்துக்கலாம்னு கூடச் சொன்னேன். அப்பா, நீங்க எவ்வளவோ பண்ணிட்டீங்க, விதி அவ்வளவுதான்னு எனக்கு அவ ஆறுதல் சொல்றா. பொற்கொடி என்னடான்னா அலமாரியைத் தொறந்து புது பெட்ஷீட், புது பக்கெட், ரெண்டு பாட்டில் ஆவக்கா ஊறுகான்னு வரிசையா எடுத்து வெக்கிறா. இதெல்லாம் எப்படி வாங்குனே, எப்பப் போட்டேன்னு கேட்டேன். வீட்டுல இருந்தா ஆகும்னு போட்டேன்னா. ஊறுகா நல்லா ஊறியிருந்துச்சு. மாங்கா சீசன்லயே போட்டிருப்பா போலருக்கு. பொம்பளைகளுக்கு எல்லாம் முன்னாடியே தோணிருது.

ரயிலேத்தி விடப் போனோம். நான் நெனச்சேன், வண்டி கிளம்பறப்ப அழுவா, எறங்கிரும்மான்னு சொல்லிரலாம்னு. அவ சன்னல்ல நின்னு சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டுறா. சின்னப் புள்ளையில ராட்டினத்துல ஏத்திவிட்டா ஒரு சிரிப்பு சிரிப்பான்னு பொற்கொடி சொல்வா, நான் பாத்ததில்ல. அது இதுதான் போலருக்குன்னு நெனச்சேன். தூணுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டேன்.

இப்ப என் வயித்தெரிச்சலைக் கேளுங்க. அவ போனாளா. மறுநாள் பத்து மணிக்கு நான் கம்பத்தடியில போய் நின்னேன், பழக்கம். உள்ள வந்து பாத்தா மூணு பொட்டியும் பச்சைப் பசேல்னு எரியுது. அடுத்த நாளும். அதுக்கடுத்த நாளும். அவ போனதுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் போகல தம்பி. எனக்கு வந்துச்சே ஆத்திரம். மஞ்சக் கம்பெனிக்குப் போனைப் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்து, சார், உங்க கம்ப்ளெய்ன்ட் என்னன்னு கேட்டுச்சு. நெட்டு நல்லா வருதும்மா, அதான் என் கம்ப்ளெய்ன்ட்டுன்னேன். சாருங்குது. இத்தனை மாசமா போகுது போகுதுன்னு கத்துனேனே, அப்ப விட்டுட்டு, எம் பொண்ணை ஊரை விட்டு அனுப்புன பெறகு எதுக்கும்மா சரி பண்ணுனீங்க, யாரைக் கேட்டு சரி பண்ணுனீங்கன்னு கேட்டேன். பாவம், அது நாங்க ஒண்ணும் பண்ணலையே சாருன்னு சொல்லுச்சு. பண்ணலைன்னா எப்படி வரும்?

பொற்கொடி பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா. போனை வாங்கி, மன்னிச்சுக்கம்மான்னு சொல்லி வெச்சுட்டா. அப்புறம் என்கிட்ட, சாப்பிட வாங்கன்னா. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் என் தலையில கையை வெச்சுத் தடவுனா. எதுக்குன்னு தெரியல.

ஒரு நன்மை என்னன்னா, இப்ப தெனமும் சாயங்காலம் வீடியோவுல வருவா. மூணு லைன் இருக்குல்ல, படம் கண்ணாடி மாதிரி வரும். மூக்குத்தியில வெளிச்சம் படுறது கூடத் தெரியும். முடியை வெட்டிக்கிட்டா. நல்லாத்தான் இருக்கு, நான் ஒண்ணும் சொல்லல. ஆபீசுல இன்னைக்கு இது நடந்துச்சு, பீச்சுக்குப் போனோம், அந்தப் பெரிய ஆபீசர் பையன் உங்கப்பா எப்படி இருக்காருன்னு கேட்டாருன்னு ஓயாம பேசுவா. வீட்டுல பக்கத்துலயே இருந்தப்ப எங்கிட்ட அவ இம்புட்டுப் பேசுனதே இல்ல தம்பி. நெசமாச் சொல்றேன். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் நாள் பூரா இருக்கேன்.

அதுலயும் இப்ப ஒரு கோளாறு வந்துருச்சு. அதுக்குத்தான் இப்ப சென்னைக்குப் போய்க்கிட்டிருக்கேன்.

போன வாரம் நல்லாப் பேசிக்கிட்டிருந்தா. நான் சொன்னேன், அபி, நம்ம வீட்டு நெட்டு இப்பத் தங்கமா இருக்கும்மா, நான் மேனேஜரம்மாவுக்கு எழுதவா, நீ வீட்டுக்கே வந்துர்றியாம்மான்னு. சொல்லி வாயை மூடல. படம் நின்னு போச்சு. வாயைப் பாதி தொறந்தபடி அப்படியே செலையாட்டம் நிக்கிறா. கண்ணு கூடச் சிமிட்டல. அபி, அபின்னு கூப்புட்டேன். ம்ஹூம். கொஞ்ச நேரத்துல கட்டாயிருச்சு. அப்புறம், அப்பா, இங்க ஹாஸ்டல்ல நெட்டு சரியில்லப்பா, என்ன சொன்னீங்கன்னு கேக்கலன்னு மெசேஜ் அனுப்புனா. மறுநாளும் அதே மாதிரி. பீச்சு, சினிமா, சாப்பாடு எல்லாம் பேசுற வரைக்கும் நல்லா இருக்கு. எப்பம்மா வருவேன்னு கேட்டா நின்னுருது.

அந்த ஹாஸ்டல் நெட்டு மாதிரி ஒரு மட்டமான நெட்டை நான் பாத்ததே இல்ல தம்பி. படமாவது முழுசா நிக்கணும்ல? இவ மட்டும் அசையாம நிக்கிறா, தலைக்கு மேல ஃபேன் பாட்டுக்கு ஜோராச் சுத்திக்கிட்டிருக்கு.

அதான் நேர்லயே போய்ப் பாத்துட்டு, ஒரு நல்ல லைனாப் போட்டுக் குடுத்துட்டு வந்துரலாம்னு கிளம்பிட்டேன். பொற்கொடி வேணாம்னு எவ்வளவோ தடுத்தா. நான் அபியைக் கட்டாயப்படுத்தப் போகல தம்பி. அவ வருவாளா மாட்டாளாங்கிறது அவ சொல்லட்டும். நான் கேக்குறதாவது அவளுக்குக் கேக்கணும்ல. நெட்டு நல்லா இருந்தா பதில் சொல்லிருவா இல்ல?